ஆட்டுப் பண்ணையிலிருந்து வந்த வீடியோ கால்

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

வீட்டுக்காரர் சவுதியில் ஆட்டுப் பண்ணை வேலைக்குச் சேர்ந்த பிறகு இன்று சாயங்காலம்தான் முதல் வீடியோ கால். முகம் முழுக்கத் தாடி, பின்னால் ஆடுகள். என் வாய் சும்மா இருக்குமா?

"இதுல எது ஆடு, எது நீங்கன்னே தெரியலையே" என்றேன்.

"மம்மி, நக்கோ, வேண்டாம்" என்று மகள் என் கையைப் பிடித்தாள். எப்போதும் பதிலுக்கு ஒன்று சொல்கிற மனுஷன், இன்றைக்குச் சிரிக்கக்கூட இல்லை.

"கூட இருந்தவன் ஊருக்குப் போயிட்டான். இப்ப இங்க நான் மட்டும்தான். தண்ணி லாரி வந்தாத்தான் மனுஷ முகத்தைப் பார்க்கறேன்."

"பாஸ்போர்ட் உங்க கையிலதானே இருக்கு?"

"முதலாளிகிட்ட இருக்கு. கேட்டா அப்புறம் பார்க்கலாம்கிறார்."

இங்கே மௌலா அலி ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டியவர். சவாரிக்கு ஏறுகிற எல்லோரிடமும் கதை பேசுவார். அங்கே யாரிடம் பேசுவார்?

"அதை விடு. என்னை ஏதாச்சும் கிண்டல் பண்ணு, கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார்.

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. திரும்பக் கூப்பிட்டால் அழுதுவிடுவேனோ என்று இன்னும் கூப்பிடவில்லை.