இரும்பைப் பிடிக்கச் சொன்னது நான்தான்

சிவகாசி,
ஜனவரி 27

அன்பு மகள் அருணாதேவிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே கனடாவில் நீயும், முக்கியமாக உன் வலது கையும், சுகமாக இருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். போனில் பேசலாம்தான், கையைப் பற்றிக் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் அம்மா அனுப்பும் வடகப் பார்சலுக்குள் இதை வைக்கிறேன்.

போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை, கதவைத் தொட்டாலே சுரீர் என்று பொறி அடிக்கிறது என்றாய். வெடிமருந்து கலக்கும் அறைக்குள் போகுமுன் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டை வெறுங்கையால் பிடித்து மூன்று எண்ணுவோம் இல்லையா, அதுபோல நீயும் வாசல் இரும்புக் கம்பியைப் பிடித்து உடம்புக் கரண்டை இறக்கிவிட்டு உள்ளே போ என்றேன். பட்டாசு ஆலையில் இருபத்தாறு வருடமாகப் போர்மேன், என் ஷெட்டில் ஒருவர் விரலுக்கும் சேதமில்லை என்ற பெருமை வேறு. மைனஸ் முப்பத்தொன்றில் இரும்பு கையைக் கவ்விக்கொள்ளும் என்று நான் எங்கே கண்டேன். நீ கையுறையைக் கழற்றி, வேர்வை ஈரத்தோடு பிடித்து, ஒழுங்காக மூன்றும் எண்ணியிருக்கிறாய். இழுத்ததில் உள்ளங்கைத் தோல் கம்பியோடு போய்விட்டது. அதை அம்மாவிடம் சொல்லி, அப்பாவுக்குத் தெரியவேண்டாம் என்றாயாம். அவள் வாயில் எது நிற்கும், "ஒங்க பேச்சக் கேட்டுத்தான பிள்ள கைய உரிச்சுக்கிட்டு நிக்கிறா, சும்மா இருந்திருக்கலாம்ல" என்று பத்து நாளாகச் சோறு போடும்போதெல்லாம் கேட்கிறாள்.

அன்றிலிருந்து அந்த மைனஸ் என்னை விடவில்லை. எங்கள் ஷெட்டுச் சுவரில் தொங்கும் வெப்பமானி பூஜ்யத்தோடு முடிந்துவிடுகிறது. மே மாதம் அது நாற்பதைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிடுவோம், எங்களுக்குப் பயமெல்லாம் மேலேதான், கீழேயும் இவ்வளவு தூரம் இருக்கிறதென்று ஐம்பத்தாறு வயதில் தெரிகிறது. மார்கழியில் இருபது டிகிரிக்கே மப்ளர் சுற்றுகிறவன் நான். சரி பார்த்துவிடுவோம் என்று, விருதுநகரில் ஐஸ்கிரீம் ஏஜென்சி வைத்திருக்கும் முத்துக்கிருஷ்ணனைக் கேட்டு அவர் குளிர் அறைக்குள் போனேன். அது மைனஸ் பதினெட்டு. "அண்ணாச்சி, ரெண்டு நிமிசந்தான், அம்புட்டுக்கு மேல நிக்காதீக" என்றார். மூச்சை இழுத்ததும் மூக்குக்குள் முடியெல்லாம் குத்திட்டு நின்றது, காது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். இதிலிருந்து இன்னும் பதின்மூன்று இறங்கினால்தான் உன் தெரு. அப்போது ஒன்று தோன்றியது, உருகத் தொடங்கிய ஐஸ்கட்டியை இங்கிருந்து கொண்டுபோய் உன் தெருவில் வைத்தால், அந்தத் தெருவுக்கு அது சூடான பொருள். வெளியே வந்து வெகுநேரம் வெயிலிலேயே நின்றேன். நம் மல்லாங்கிணறு ஊர் வெயிலில் பிறந்த பிள்ளை, அந்தக் குளிரில் டிபன் டப்பாவோடு பஸ்ஸுக்கு நிற்கிறாய். பயமாகவும் இருக்கிறது, உன்னைக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றுகிறது.

வெடிக்குத்தான்மா நான் போர்மேன், குளிருக்கு இல்லை. இனி நான் எதைச் சொன்னாலும் அந்த ஊர்க்காரர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய். களிம்பு போடுவதை நிறுத்திவிடாதே. நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்கவேண்டும். கட்டுப் பிரித்ததும் உள்ளங்கையைப் படம் எடுத்து அனுப்பு. எப்படி இருந்தாலும் சரி, அம்மாவுக்கு இல்லை, எனக்கு அனுப்பு.

உன் அப்பா,
சோணைமுத்து