வீடு தென்காசியிலதான்

ஸ்வாதி அப்பாவுக்கு,

ஹாட்பாக்ஸுல கூட்டாஞ்சோறு இருக்கு. டூட்டியிலருந்து வந்ததும் மொதல்ல சாப்பிடுங்க, பெறகு இதைப் படிங்க. நானும் ஸ்வாதியும் தென்காசியில பாத்த அந்த மாடி வீட்டுக்குச் சாவி வாங்கப் போறோம்.

ஐந்தருவி ரோட்டுலயே இருப்போம், காத்து நல்லாருக்கும், போலீஸ்காரன் வீட்டுக்கு என்ன பயம்னு கேட்டிய. குத்தால சீசன் வந்தா அந்தப் போலீஸ்காரன் அருவியிலல்லா நிக்கான். குடிச்சிட்டு வாறவன் நம்ம கேட்டைத்தான் தட்டுதான்.

நேத்து ரோட்டுல வெள்ளம் ஏறிட்டுன்னு கயிறு கட்டி அடைச்சிய. அந்தப் பக்கம் நின்ன ஸ்கூல் வேன்ல நம்ம பிள்ளை. "அப்பா, நான்தான்"னு கத்தியும் நீங்க அவுக்கலையாம். "வெள்ளத்துக்கு யார் பிள்ளைன்னு தெரியுமா"ன்னு கேட்டியளாம். எனக்குக் கோவமே இல்ல. தெரு பூரா பெருமையாச் சொல்லிட்டேன். ஆனா வெள்ளம் வந்தா நம்ம பிள்ளையே வீடு வந்து சேர முடியாத ரோடு இது. வீட்டுச் சண்டையில நான் ஜெயிச்சாச்சு, சாட்சி நீங்கதான்.

தென்காசி வீட்டுக்குப் பள்ளிக்கூடம் அடுத்த தெருவுதான், ஸ்வாதி சைக்கிள்லயே போயிருவா. இருட்டுன பெறகும் பொம்பளைங்க வாசல்ல உக்காந்து பேசுதாங்க. நானே போய்ப் பாத்துட்டுத்தான் சொல்லுதேன்.

சாயந்திரம் ஓனர் அண்ணாச்சி வருவாரு. காலி பண்ணுதோம்னு நீங்களே சொல்லுங்க, தோத்தவருக்கு அதான் வேலை.

உமா

பி.கு: மோர் பிரிட்ஜுல இருக்கு.

இன்னொண்ணு. கீழ் வீடும் காலியாத்தான் இருந்துச்சு, நான்தான் மாடியைக் கேட்டேன். ஜன்னலைத் திறந்தா குத்தாலம் மலை முழுசாத் தெரியுது. உங்க சேரை அங்கனதான் போடப்போறேன்.