வெள்ளத்துக்கு வாங்கிய பிஸ்கட்

என்மேல் கோபித்துக்கொண்டு நந்தனத்தில் மகள் வீட்டில் இருப்பவளுக்கு,

வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட நான் கட்டிவைத்த பையைப் பிரித்து, அதிலிருந்த பிஸ்கட்டைச் சம்பந்திக்குத் தட்டில் வைத்தது நீ. "அது வெள்ளத்துக்கு வாங்கினது" என்று நான் சொன்னது குற்றமா? "அப்ப நாங்கதான் வெள்ளமா, சம்பந்தி?" என்று அவரே சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை.

டார்ச் பேட்டரியை டி.வி. ரிமோட்டுக்கு எடுத்தாய். அப்போது வாய் திறந்தேனா? திறந்திருக்க வேண்டுமோ என்னவோ.

இந்த வாரம் கனமழையாம். பையை மறுபடி கட்டிவிட்டேன். விருந்தாளிகளுக்கென்று தனி பிஸ்கட்டும் வாங்கியாயிற்று. உன் பி.பி. மாத்திரையும் மாற்றுக் கண்ணாடியும் பையில்தான் இருக்கின்றன. வெளியே எடுக்க மனம் வரவில்லை.

பை கனக்கிறது. ஒரு கைப்பிடியை நான் பிடித்துக்கொள்வேன். இன்னொன்றைப் பிடிக்க இங்கே ஆளில்லை.

இப்படிக்கு,
நீ சொல்லும் அதே பயந்தாங்கொள்ளி