நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி

2025 ஜனவரி 6, திங்கள்

போர்வெல் மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. மெக்கானிக் நாளை வருகிறானாம். என் மனைவி கலைமணி இன்றும் களி அரை உருண்டைதான் சாப்பிட்டாள்.

சாயங்காலம் குமார் வந்தான். என் அக்கா மகன். அக்டோபரில் பூவரசன் மஸ்கட்டில் இறந்தபோது கம்பெனியோடு பேசி என் பிள்ளையின் உடலை ஊருக்குக் கொண்டுவந்தவன் இவன்தான். பூவரசனோடு ஒரே அறையில் இருந்த ரோமெல் என்ற பிலிப்பைன்ஸ்காரர் குமாரின் போனுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கிறார். எல்லாம் இங்கிலீஷ். போட்டுக் காட்டினான். நாலு நிமிடம் பன்னிரண்டு விநாடி. நடுவில் இரண்டு முறை அந்த மனிதர் அழுதார்.

“என்னடா சொல்றாரு?”

“வருத்தமா இருக்குதுன்னு சொல்றாருங்க மாமா. தூக்கத்துலயே போயிட்டானாம், ஒண்ணும் கஷ்டப்படலையாம். அவ்வளவுதானுங்க.”

நாலு நிமிடப் பேச்சுக்கு இரண்டு வரி. எனக்கும் அனுப்பச் சொன்னேன். “உங்களுக்கு எதுக்குங்க மாமா” என்றான். இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் அனுப்பினான்.

ஜனவரி 9, வியாழன்

ஷாஜியா டீச்சர் வீட்டுக்குப் போனேன். நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் இங்கிலீஷ் எடுப்பவர். குமாரும் அவரிடம் படித்தவன்தான். முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

“தூக்கத்துலயே போயிட்டாருன்னுதாங்க சார் சொல்றாரு. கஷ்டப்படலைங்களாம்.”

முப்பத்தொரு வருடம் அறிவியல் நடத்தியிருக்கிறேன். சோதனையைச் செய்யாமலே விடையை எழுதிக்கொண்டு வந்து நிற்கும் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் பேசிவைத்திருக்கிறார்கள்.

எதை மறைக்கிறார்கள்? ஏன் என்னிடம்?

ஜனவரி 12, ஞாயிறு

செல்போன் கடை அப்சல் மொழிபெயர்க்கிற ஏதோ ஒன்றில் போட்டுப் பார்த்தார். பின்னால் காற்று இரைச்சல், ரோமெலின் உச்சரிப்பு வேறு. ‘சாவி தண்ணீரில் வேகமாக நடக்கிறது’ என்று வந்தது. “மெஷினுக்கே புரியலைங்க சார்” என்றார் அப்சல்.

ஜனவரி 20, திங்கள்

மறுபடி ஷாஜியா வீடு. “அர்த்தம் கேக்க வரலைங்கம்மா. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுங்க. பேசறதைக் கேட்டா புரியற அளவுக்கு.”

எழுந்து போய்க் காலண்டரைப் புரட்டினார். கடைசியில், “செவ்வாய், வெள்ளி வாங்க சார்.”

பிப்ரவரி 4, செவ்வாய்

படித்தால் ஓரளவு புரிகிறது. காதில் கேட்டால் ஒன்றும் நிற்பதில்லை. எழுத்தில் இருக்கும் இங்கிலீஷ், பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ். பலகையை நிதானமாகப் படித்துவிட்டு ஏறலாம். பேச்சில் இருப்பது பைபாஸில் போகிற பஸ். பெயரைப் படிப்பதற்குள் தொப்பூர் தாண்டிவிடுகிறது.

டீக்கடை நஞ்சப்பன் என் கையில் நோட்டைப் பார்த்துவிட்டார். “வாத்தியாரே, அமெரிக்கா போறதுன்னா சொல்லிட்டுப் போங்க. டீப் பாக்கி எதுவும் இல்லை, இருந்தாலும் சொல்லிட்டுப் போங்க.” என்னைச் சிரிக்க வைக்கத்தான் பார்க்கிறார். சிரித்துவைத்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

‘ஃபாதர்’ என்ற வார்த்தை பிடிபட்டது. எண்ணினேன். ஆறு இடத்தில் வருகிறது. துக்கம் சொல்பவர் அப்பாவைப் பற்றி ஆறு முறை பேசுவானேன்? ஓரிடத்தில் ‘த்ரீ டைம்ஸ்’ என்கிறார். எது மூன்று முறை?

பிப்ரவரி 19, புதன்

‘ஸ்லீப்’ இல்லை. ‘ஸ்லீப்பிங்’ இல்லை. நாற்பது தடவை கேட்டுவிட்டேன். தூக்கம் என்ற பேச்சே அதில் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

என்னால ஆவல. அறுபத்திரண்டு வயசு மூளை. காலையில ஏத்தினது சாயங்காலம் இல்லை. மக்குப் பிள்ளைன்னு ஒருத்தரும் கிடையாதுன்னு எத்தனை பெத்தவங்ககிட்ட சொல்லியிருப்பேன். நான்தான் அது. சாவற நேரத்துல புள்ள என்ன சொன்னான்னு அடுத்தவங்களுக்கெல்லாம் தெரியுது, பெத்தவனுக்குத் தெரியல. என்ன படிச்சு என்ன.

கலைமணி நோட்டைப் பிடுங்கி மூடி வைத்தாள். “வுடுங்க. தெரிஞ்சா மட்டும் வந்துருவானா?”

ஏப்ரல் 1, செவ்வாய்

முதல் ஒன்றரை நிமிடம் திறந்துகொண்டது. தமிழில் எழுதிக்கொண்டுபோய் ஷாஜியாவிடம் நீட்டினேன். மதியம். மொட்டைமாடியில் ஏசி வேலை. கடும் வெயில். பூவரசன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆம்புலன்ஸ் வண்டிக்குச் சொன்னார்கள்; நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள்.

தூங்கவில்லை என் பிள்ளை. விழித்திருந்தான்.

“சரிதாங்களா?”

“சரிதாங்க சார்.” திருத்துவதற்கு எடுத்த பேனாவை மூடினார். “இதோட நிறுத்திக்கலாமுங்க.”

“அவன் கடைசியாப் பேசினது குமாருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியலைங்கம்மா.”

எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. “என் வாயால சொல்ல மாட்டேங்க சார். மீதியை வேகம் குறைச்சுத் தரேன். நீங்களே கேட்டுக்குங்க.”

வேகம் குறைத்ததில் ரோமெல் குடித்தவர் மாதிரிப் பேசுகிறார். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக நிற்கிறது.

ஏப்ரல் 20, ஞாயிறு

புரிந்துவிட்டது.

அவன் போனில் சார்ஜ் இல்லை. என் நம்பரை மனப்பாடமாகச் சொல்லி, ரோமெலின் போனிலிருந்து கூப்பிடச் சொல்லியிருக்கிறான். மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று முறையும் கட் செய்துவிட்டார்கள்.

செய்துவிட்டார்களா? யார்?

வாட்ஸ்அப்பில் பழைய அழைப்புகளைத் தள்ளிக்கொண்டே போனேன். அக்டோபர் 14, அவன் போன நாள். 2.41, 2.44, 2.52. சேவல் படம் போட்ட வெளிநாட்டு நம்பர். ஞாபகம் வருகிறது. கடலைக்காய் பிடுங்கும் ஆட்களுக்கு டீ வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் குமார். “பிராடு நம்பருங்க மாமா. எடுத்தீங்கன்னா பேங்க்ல இருக்கறது எல்லாம் உருவிருவானுங்க.” அவன் சொன்னது ஒரு முறைதான். மூன்று முறையும் அழுத்தியது என் கட்டைவிரல். மூன்றாவது முறை எரிச்சலோடு அழுத்தினேன்.

ஏப்ரல் 21, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. இன்றும் போகவில்லை. ஷாஜியா வீட்டுக்கே வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். உட்காரவில்லை.

“முழுசும் கேட்டுட்டீங்களா சார்?”

“போதுங்கம்மா.”

“இன்னும் ஒரு நிமிஷம் இருக்குதுங்க. பாதியில நிறுத்தாதீங்க. அன்னைக்கு மறைச்சது என் தப்பு. இப்பக் கேளுங்க.”

அவர் எதிரிலேயே கேட்டேன். பத்துப் பத்து விநாடியாக.

ரோமெல் நான்காவது முறை கூப்பிடப் போயிருக்கிறார். பூவரசன் வேண்டாம் என்றானாம். ‘என் அப்பா வாத்தியார். வகுப்பில் இருக்கும்போது போன் எடுக்க மாட்டார். பெல் அடித்ததும் அவரே கூப்பிடுவார்.’ அப்படிச் சொல்லிவிட்டு ரோமெலின் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தானாம். மணி என்ன என்று இரண்டு முறை கேட்டானாம். வண்டி வந்தபோது கை தளர்ந்துவிட்டதாம்.

நான் ஓய்வுபெற்று அப்போது இரண்டரை வருடம். அவன்தான் அந்த விழாவுக்கு லீவு போட்டு வந்து என் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். வலியில் மறந்துபோனானா? இல்லை, பக்கத்தில் இருந்த அந்நிய மனிதரிடம் என்னை விட்டுக்கொடுக்காமல் பேசினானா?

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, இதையும் சேர்த்தல்லவா மறைத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

குமார் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தான். ஷாஜியா சொல்லியிருப்பார். நான் போய் நின்றேன்.

“நான்தானுங்க மாமா எடுக்காதீங்கன்னு சொன்னது. அதைக் கேட்டதுல இருந்து என்னால சோறு திங்க முடியலைங்க.”

“நீ சொன்னே. கட் பண்ணது நானு. உள்ள வாடா.”

வந்தான். கலைமணி தோசை வைத்தாள். தட்டைப் பார்த்தபடியே அழுதான். அவள் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மே 4, ஞாயிறு

இன்று கேட்டுவிட்டாள். “வந்தவன் அழுவறான். நீங்க ஒரு வாரமா என் மூஞ்சியப் பார்த்துப் பேசறதில்லை. அந்தப் போன்ல என்னதாங்க இருக்குது?”

தூக்கத்தில் போய்விட்டான் என்பதை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது. குமாருக்கும் ஷாஜியாவுக்கும் இப்படித்தான் வந்திருக்கும்.

போனை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். ஒரு வாக்கியம் ஓடவிட்டு நிறுத்தினேன். தமிழில் சொன்னேன். அடுத்த வாக்கியம். மொட்டைமாடி, வெயில், நெஞ்சு, வண்டி, என் நம்பர். எதையும் விடவில்லை, எதையும் சேர்க்கவில்லை. மூன்று முறை என்ற இடத்தில் நிறுத்தினேன்.

“நீங்க எடுக்கலையா?”

“கட் பண்ணிட்டேன்.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. எழுந்து பின்பக்கம் போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முகம் துடைக்காமல் திரும்பி வந்தாள். முன்பு இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

“மேல சொல்லுங்க” என்றாள்.