உன் இடது ஷூவும் என் வலது ஷூவும்

என் உயிர் மாப்ள ஜெகனுக்கு,

இதனால் மதுரை மாநகர மக்களுக்கும், சொல்லாமல் கொள்ளாமல் மேலே குடியேறிவிட்ட உனக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்று மாலை தெப்பக்குளம் பக்கத்துக் கிரவுண்டில் நடந்த பாஸ்கெட்பால் போட்டியில், முதல் விசிலிலிருந்து கடைசி விசில்வரை என் வலது ஷூவின் லேஸ் ஒருமுறைகூட அவிழவில்லை. யார் துணையும் இல்லாமல் நானே கோத்து, நானே கட்டியது. நாம் ஜெயித்தோமா என்று கேட்காதே. அது சின்னச் செய்தி, கடைசிப் பக்கத்தில் வரும்.

இந்தக் கடிதம் நம் பள்ளி ஆண்டு மலரில் வரப்போகிறது. உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி தமிழம்மா கேட்டார்கள். "ஒழுங்கா எழுதுடா, சேட்டை கூடாது" என்று நிபந்தனை வேறு. உன்னைப் பற்றிச் சேட்டை இல்லாமல் எப்படி எழுதுவது? ஆகவே லேஸைப் பற்றி எழுதுகிறேன்.

கணுக்கால் மூடும் உன் கறுப்பு ஷூவை இந்தப் பள்ளியில் மறந்தவர்கள் யாரும் இல்லை. ஷூவைவிட அதன் லேஸ். உங்கள் அப்பாவின் சாயப்பட்டறையில் சுங்குடிச் சேலைக்குக் கலக்கி வைத்திருந்த சிவப்பில், வெள்ளை லேஸை முக்கி எடுத்துக்கொண்டு வந்தாயே. அப்பா உங்கள் வீட்டுப் பாஷையில் திட்டியதை அப்படியே நடித்துக் காட்டினாய். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தேன்.

லேஸ் கட்டுவது லேசான வேலை இல்லை என்று உன்னிடம்தான் தெரிந்துகொண்டேன். முதல் ஓட்டையில் கயிறு உள்ளேயிருந்து வெளியே வரவேண்டும். விரல் பக்கம் தளர்வாக விட வேண்டும், ஓடும்போது விரல்கள் மூச்சு வாங்குமாம். பாதம் மடங்குகிற இடத்தில் குறுக்கே போடாமல், அந்தந்தப் பக்கமே நேராக மேலே ஏற்ற வேண்டும். குறுக்கே போட்டால் அங்கேதான் அழுத்தும். மேலே ஒரு சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்கத்துக் கயிற்றை அதற்குள் நுழைத்து இழுத்தால் குதிகால் ஆடாது. கடைசி ஓட்டை காலி. நுனி இரண்டும் உள்ளே. நாக்கு மட்டும் வெளியே.

"முடிச்சு ஊருக்குத் தெரியக் கூடாது மாப்ள. அதான் ஸ்டைலு" என்பாய். நாக்கை வெளியே விடுவதில் உன் ஷூவும் உன்னைப் போலத்தான் என்று நான் சொன்னதற்கு, கிரவுண்டை ரெண்டு சுற்று என்னைத் துரத்தினாய். இப்போது யார் துரத்துகிறார்கள்? என்ன சொன்னாலும் எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்தக் கடைசிப் பயிற்சி நாள் உனக்கு நினைவிருக்கும். நீ ஷூவைக் கழற்றிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு குழாயடிக்குப் போனாய். திரும்பி வருவதற்குள் உன் வலது ஷூ லேஸை ஓட்டை ஓட்டையாக உருவி டவுசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். நான் சைக்கிளில் ஏறிய பிறகுதான் கண்டுபிடித்தாய்.

"டேய், லேஸ எங்கடா?"

"எந்த லேஸு?"

"நாளைக்கு நீயே கோத்துத் தர்ற. ஒரு ஓட்டை தப்புச்சு, ஒன்னய ஓட்டை போட்ருவேன்."

"வாரேன் மாப்ள. கோத்துத் தாரேன்."

மறுநாள் உனக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் நீ இல்லை.

பதினாறாம் நாள் உன் அம்மா என்னைக் கூப்பிட்டு ஷூவைக் கையில் கொடுத்தார்கள். "ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானப்பா, நீ போட்டுக்க. ஒத்த லேஸத்தான் காணல. கட்டிலுக்கு அடியில, பீரோவுக்குப் பின்னாடி, அம்புட்டு எடத்துலயும் தேடிட்டேன்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்லம்மா, கடையில வாங்கிக்கிறேன்."

வெள்ளை லேஸ் ஒன்று வாங்கி வலது ஷூவில் கோத்தேன். உன் சிவப்பு லேஸ் என் ஜியாமெட்ரி பாக்ஸில் சுருண்டு கிடக்கிறது. என் வெள்ளை டவுசர் பாக்கெட்டில் அதன் சாயம் ஒட்டியிருக்கிறது. எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. "பேனா மை" என்று எங்கள் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் உன் தங்கச்சியைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். "அம்மா இன்னமும் தேடுதுண்ணே. நேத்து மாடியில இருந்த பழைய பொட்டியெல்லாம் எறக்குச்சு" என்றாள். சாவகாசமாகத்தான் சொன்னாள். லேஸைக் கொடுத்தால், உனக்கு நான் கடைசியாகச் செய்தது இதுதான் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும், மாப்ள. கொடுக்காவிட்டால் அவர்கள் வாழ்நாள் முழுக்கப் பெட்டி இறக்குவார்கள். நீயாக இருந்தால் என்ன செய்வாய்? முதலில் என்னைத் துரத்தியிருப்பாய். அதற்குப் பிறகு?

எனவே இது வாக்கு. இந்த மலர் அச்சாகி அம்மா கைக்குப் போவதற்குள், வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் வீட்டுக்குப் போகிறேன். சிவப்பு லேஸை அம்மா முன்னால் வைத்து நடந்ததைச் சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வலது ஷூவில் அதைக் கோப்பேன். நாளைக்குத் தாரேன் என்றவன் கொஞ்சம் தாமதமாகத் தருகிறேன். ஒரு ஓட்டை தப்பினாலும் உருவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மேலே அடித்த தம்பட்டத்தை நம்பாதே. நேற்று நான் ஆடவே இல்லை. உன் இடது ஷூவில் லேஸ் நீ கோத்தபடியே இருக்கிறது. கழற்றும்போது நீ தளர்த்திவிட்ட அளவுகூட மாறவில்லை. அதில் காலை நுழைத்து இழுத்துக் கட்டினால் அது என் இழுப்பு ஆகிவிடும். அதனால் வலது காலில் ஷூவும் இடது காலில் ரப்பர் செருப்புமாக பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "கால்ல அடியாடா?" என்று கோச் கேட்டார். "ஆமா சார்" என்றேன். உட்கார்ந்தே இருப்பவன் லேஸ் எப்படி மாப்ள அவிழும்? அந்த வெள்ளை லேஸையும் உன் இடது ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துத்தான் கோத்தேன்.

இப்படிக்கு,
நீ இன்னும் துரத்திப் பிடிக்காத உன் மாப்ள,
முத்து