அரோகரா டீச்சர்

திருத்தணி,
வியாழக்கிழமை.

அன்புள்ள பாவாவுக்கு,

அனுராதா எழுதுவது. நேற்று நீங்கள் புராஜெக்ட் மேனேஜர் பரீட்சையில் பாஸாகிவிட்டதாகப் போனில் சொன்னபோது, "ரொம்ப சந்தோஷம்" என்று மட்டும் சொன்னேன். பாஸானதும் என்னை மஸ்கட்டுக்கு அழைத்துக்கொள்வதாக முன்பு சொன்னீர்களே, எப்போது என்று கேட்கவில்லை. அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் என் கையில் கொடுத்தார்கள். மாமா சாப்பாட்டுத் தட்டோடு வந்து பக்கத்தில் நின்றார். அதற்குள் நீங்களே மீதியையும் சொல்லிவிட்டீர்கள்: புராஜெக்ட் மேனேஜர் பதவி, பாலைவனத்துக்குள் புது சைட், மூன்று வருட ஒப்பந்தம், குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி இல்லை. "மூணு வருஷம் இன்னா, கண்ண மூடித் தொறந்தா ஓடிப்பூடும்" என்றார்கள் அத்தை. நான் "ஆங்" என்றேன்.

இங்கே எல்லாரும் நலம். அத்தைக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. மாமா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அது என்ன பரீட்சை என்று கேட்டவர்களிடம், "கலெக்டர் மாதிரி, ஆனா கட்டடத்துக்கு" என்றாராம்.

பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பிறகு புத்தகத்தைத் திறந்தாலே தூங்கிவிடுகிறேன் என்று நீங்கள் சொன்னதால்தான், நான் அதைப் படித்து, தமிழில் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்ப ஆரம்பித்தேன். வீட்டில் பேச இடமில்லை. மலைக்குப் போகிறேன் என்றால் மட்டும் யாரும் காரணம் கேட்பதில்லை. ஏழு மாதம், வாரத்தில் மூன்று நாள், பாதிப் படி ஏறி நிழலில் உட்கார்ந்து பேசினேன். உங்களுக்காக வேண்டுதல் என்று அத்தை நினைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. மாமா வீடு கட்டும்போது நடுவில் ஒரு கழிப்பறை, பிறகு ஒரு கடை, அப்புறம் மாடி என்று சேர்த்துக்கொண்டே போனாரே, அதை வைத்துத்தான் வேலையின் எல்லை என்றால் என்னவென்று சொன்னேன். அந்தப் பாடம் மட்டும் மறக்கவே மறக்காது என்று சிரித்தீர்கள்.

அந்தப் பதிவுகளை உங்கள் அறையில் உள்ள நான்கு பேருக்கும் அனுப்பியிருக்கிறீர்கள் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. உங்கள் அறைத்தோழர் இளம்பரிதி குறுக்கே வந்து, "அண்ணி, மலைல உங்க பின்னாடி அரோகரானு கத்திகினே கீறாங்க. அரோகரா டீச்சர்னே உங்களுக்குப் பேரு வெச்சிட்டோம்" என்றார். மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. சில பாடங்களின் முடிவில் பாடமல்லாத நாலு வார்த்தையும் உங்களிடம் பேசியிருந்தேன். அதை வெட்டிவிட்டு அனுப்பினீர்களா என்று எல்லார் முன்னாலும் எப்படிக் கேட்பது? இனி பேசி அனுப்ப மாட்டேன். அதனால்தான் இந்தத் தாள்.

இன்று காலை செருப்பை மாட்டும்போது, "அவன்தான் பாஸாயிட்டானே, இன்னும் இன்னா மலை?" என்று அத்தை கேட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டேன்.

பரீட்சையின் நூற்றெண்பது கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு என்னாலும் விடை சொல்ல முடியும். ஆனால் வேலை நடத்திய அனுபவம் இல்லாமல் எழுத விடமாட்டார்கள். அதற்காக வருத்தமில்லை. ஒரு முடிவு யாரையெல்லாம் பாதிக்குமோ, அவர்களை முதலில் கேட்க வேண்டும் என்று நான்காம் பாடத்தில் உங்களுக்குச் சொன்னேன். அந்தப் பாடத்துக் கேள்விகளுக்கெல்லாம் நீங்கள் சரியாகவே விடை எழுதியிருப்பீர்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது என்றீர்கள். பக்கத்துத் தெருப் பரந்தாமன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். இதை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இது வந்து சேரும்வரை பொறுத்திருங்கள். படித்த பிறகு போடுங்கள், அல்லது வேண்டாமென்று சொல்லுங்கள். எதுவானாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. ஸ்பீக்கரில் வேண்டாம்.

வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். மலைமேல் இருப்பவன் உங்களை நன்றாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
அனுராதா

சனிக்கிழமை காலை: நீங்கள் நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டதாக மாமா சொன்னார். கடிதத்தில் எதையும் மாற்றவில்லை. மாமாவே அதை ஊறுகாயோடு சேர்த்துப் பரந்தாமன் அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போகிறார்.