வெட்டிய படத்தின் மிச்சம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

என் வேலை உனக்குத் தெரியுமே, அறிக்கைகளில் உள்ள பெரிய படங்களைச் சுருக்கிக் கோப்பின் கனத்தைக் குறைப்பது. நேற்று ஒரு பழைய அறிக்கை வந்தது. அதில் தபால்தலை அளவில் ஒரு பூந்தொட்டிப் படம் மட்டுமே இருந்தது. ஆனால் கோப்போ மின்னஞ்சலில் போகாத அளவுக்குக் கனம். படத்தை வெட்டினாலும் வெட்டிய பகுதி உள்ளேயே ஒளிந்திருக்கும் அம்மா. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். எங்கள் அலுவலக அறை விரிந்தது. பூந்தொட்டி இருந்தது என் மேசைமேல். என் நாற்காலியில் முதுகைக் காட்டியபடி ஒருத்தி. அவள் போட்டிருந்தது, போன மாதம் நீ பின்னி அனுப்பிய மஞ்சள் ஸ்வெட்டர். நூல் தீர்ந்து இடது தோளில் நீ பச்சையில் முடித்தாயே, அதுகூட அப்படியே. அறிக்கையோ நான் சேர்வதற்கு நான்கு வருடம் முந்தையது.

மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் திரும்பியே பார்க்கவில்லை. "அதையெல்லாம் ஏம்மா இழுத்துப் பாக்குற? மிச்சத்த அழிச்சிட்டு அனுப்பு" என்றார். அழித்தேன், கோப்பு இலேசாகிவிட்டது. சிரித்துவிட்டு விடு.

முடிந்தால் வேறு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் சீக்கிரம் அனுப்பு. குளிர் தாங்கவில்லை, இப்போதும் அந்த மஞ்சளைத்தான் போட்டிருக்கிறேன்.

அவசரமாக முடிக்கிறேன். இன்று காலை என் மேசைமேல் யாரோ பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

உன் மகள்